கப்டனின் கோட்டில் இருந்த பதினொரு நூல்கள்

நான் வேலை செய்த நூதனசாலையில் துணிகள் வைக்கும் அறையின் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. கத்தரிக்கோலை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவும் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். போன மாதம் நித்யா தொலைபேசியில் அதைப் பற்றிக் கேட்டாள். அவள் சென்னையிலிருந்து படிக்க வந்து, நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளை.

“அங்கிள், புதுசா வந்த ரெண்டு பேரும் அந்த நோட்டீஸைப் பாத்து இது என்ன ஏர்போர்ட்டான்னு சிரிக்கிறாங்க. அப்புறம் இன்னொண்ணு. பவேரியா கேப்டன் ஃபைல்ல கடைசிப் பக்கத்துல தமிழ்ல கையெழுத்து இருக்கு. ஒரே பக்கத்துல ரெண்டு தடவை. உங்களோடதுதானே?”

என்னுடையதுதான் என்றேன்.

“எதுக்கு ரெண்டு?”

தொலைபேசியில் நீளமாகக் கதைக்க எனக்கு வராது. நேரிலும் வராது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பதினான்கு வருடம் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் நின்றேன். தைத்து முடிந்து வரும் உடுப்புகளில் தொங்கும் நூல்களை வெட்டுவது என் வேலை. கழுத்து, கை, பொத்தான், கரை என்று கண் ஒரு சுற்றுச் சுற்றும். கையிலுள்ள சிறிய நூல்வெட்டி பின்னால் போகும். ஒரு நூல் தொங்கினாலும் உடுப்பு திரும்பி வரும். வெட்டிய நூல் நிலத்தில் விழுந்தால் மேற்பார்வை செய்யும் பெண் கத்துவாள். ஆகவே நாங்கள் எல்லோரும் இடது மணிக்கட்டில் ஒட்டு நாடாவை, நாங்கள் ரேப் என்போம், பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றியிருப்போம். வெட்டிய நூலை அதில் ஒற்றிக்கொள்வோம். மாலையில் ரேப்பைக் கழற்றி எறிவோம்.

தொழிற்சாலை மூடப்பட்டதும் வேலை தேடித் தரும் கந்தோரில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். துணியைப் பழுதாக்காமல் தொடத் தெரியும் என்றேன். அப்படித்தான் நூதனசாலைக்குப் போனேன். ஆறு மாத ஒப்பந்தம், பிறகு இன்னோர் ஆறு மாதம் என்று நீண்டுகொண்டு போனது. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது, இனி நிரந்தரமாக்குவோம் என்று நூதனசாலையின் தலைவரான பணிப்பாளர் சொல்லியிருந்தார். அதற்கடுத்த கிழமை வெள்ளிக்கிழமை கடிதம் வர இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் மதாம் ஓடெத். அறுபது வயது கடந்தவர், மெலிந்தவர். அந்தோனிப்பிள்ளை என்ற என் பெயர் அவருடைய வாயில் மிசியூ அந்துவான் ஆனது. ஒரு துணியை முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கால் மணித்தியாலம் அப்படியே நிற்பார். கை முந்திக்கொள்ளும், அதனால்தான் கட்டுகிறேன் என்பார். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு பென்சிலால் வரைய வேண்டும், அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். இந்த ஒழுங்கை அவர் மாற்றியதை நான் ஒரே ஒரு முறைதான் கண்டேன். அது அந்தப் பவேரியக் கப்டனின் கோட்டில்.

கோட்டைக் கொண்டுவந்தவர் மொன்றியலை ஒட்டிய தீவான இல்-பிசாரில் தனியாக இருந்த எண்பது வயது ஜெர்மன் அம்மையார். அயலவர் ஒருவர் காரில் கூட்டிவந்தார். ஒரு பழைய சூட்கேசுக்குள் கோட்டும் தலைக்கவசமும் ஒரு படமும் இருந்தன. தலைக்கவசத்தின் உச்சியில் முன்னிருந்து பின்னாகக் கருமையான மயிர்க் கொண்டை ஒன்று வளைந்து கிடந்தது. எங்களூர் மயிர்க்கொட்டிதான் நினைவுக்கு வந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அம்மையார் சிரித்தார். ஜெர்மன்காரரும் அதை அந்தப் புழுவின் பெயரால்தான் அழைப்பார்களாம்.

அவை அவருடைய தாயின் தகப்பனாருடையவை. பவேரிய அரசரின் காலாட்படையில் கப்டனாக இருந்தவர். படத்தில் அந்தக் கோட்டோடு நிற்கிறார். வலது கை நெஞ்சில், இரண்டு பொத்தான்களுக்கு நடுவே இருக்கிறது.

“சிலை மாதிரி நிற்கிறார், பாருங்கள்,” என்றார் அம்மையார். “அம்மாவுக்கு ஐந்து வயதில் இவர் இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டு கையாலும் தூக்குவார்களாம். இவர் ஒரு கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே மாட்டாராம். அவ்வளவு கர்வம். அம்மா சாகும்வரை அதை மன்னிக்கவில்லை.”

துணி வந்தால் உடனே திறக்க மாட்டோம். பொலித்தீனில் சுற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வைப்போம். பூச்சியும் முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்த பிறகும் ஒரு முழு நாள் சுற்றியபடியே கிடக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் அறையின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் பிடிக்கும். பிறகுதான் மேசை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கோட்டை மல்லாக்காக வைத்து, அதன்மேல் வலை போட்டு, மெல்லிய உறிஞ்சியால் ஒரு கை அகலம் ஒரு கை அகலமாகத் தூசு எடுப்போம். கோட்டின் கைகளுக்குள் மெல்லிய கடதாசியை உருட்டி வைப்போம், மடிப்பு விழாமல் இருக்க.

கோட் வானநீலக் கம்பளி. சிவப்புக் கழுத்துப்பட்டி, எட்டுப் பொத்தான். தோளில் வெள்ளிப் பின்னல், அதில் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று மங்கியது, மற்றது அவ்வளவு மங்கவில்லை. இதே கோட்டைப் போட்டிருந்தபோதுதான் லெப்டினன்டாக இருந்தவர் கப்டனாகியிருக்கிறார் என்று மதாம் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. மதாமுக்கு அந்தக் குளிர்காலத்தில் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மத்தியானம் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், வைத்துவிட்டார்.

“கைக்குள் கடதாசியை மட்டும் வையுங்கள், மிசியூ அந்துவான். மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்ப்போம்.”

வைத்தேன். மதாம் போனபின் பார்த்தால், கோட்டின் வலது கையின் ஓரத்தில் கறுப்பு நூல் ஒன்று தொங்கியது. கடதாசி ரேப்பை வெட்டுவதற்காக என் பழைய நூல்வெட்டி சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். என் கை என்னிடம் கேட்கவில்லை. வெட்டி, உள்ளே நின்ற மிச்சத்தை நுனியால் இழுத்து எடுத்து, பழக்கத்தில் அங்கேயும் மணிக்கட்டில் சுற்றியிருந்த ரேப்பில் ஒற்றிவிட்டேன். பக்கத்தில் இன்னும் ஆறு நின்றன. பிறகு நெஞ்சில், மூன்றாம் பொத்தானுக்குப் பக்கத்தில் சில. மொத்தம் பதினொன்று. ரேப்பைக் கழற்றி வழக்கம்போல மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். கிழமை முடிவில் குப்பையில் போடுவது. அன்று பனி கொட்டத் தொடங்கியதால் போடாமலே வெளிக்கிட்டேன். கோட் துப்பரவாக இருந்தது. இன்றைக்கு நல்ல வேலை செய்தேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை, கப்டனைப் பற்றி நாங்கள் கேட்டிருந்ததற்கு மியூனிக்கிலுள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்திருந்தது. படை அலுவலர்களின் பட்டியலிலிருந்து சில பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். பணிப்பாளர் அதை வாசித்துக் காட்டினார். 1866இல் பிரஷ்யாவுக்கு எதிராகச் சண்டை செய்த படையில் இரண்டாம் லெப்டினன்ட். 1870இல் அதே பிரஷ்யாவோடு சேர்ந்து பிரான்ஸுக்குப் போனவர். அங்கே வலது தோளில் துப்பாக்கிச் சூடு. கை பலமிழந்தது. அதன்பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் படைப்பிரிவின் உடைக் களஞ்சியத்தில் அலுவலர். சேவையில் இருக்கும்போதே மரணம்.

“இதுதான் சிக்கல்,” என்றார் பணிப்பாளர். “வலது கை வழங்காத ஆளின் கோட்டா இது? இரண்டு கையும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கவில்லை என்றாலும், கட்டுப் போட்ட அடையாளமும் இல்லை, தூக்குப் பட்டியின் அடையாளமும் இல்லை. வேறு யாருடையதோ வீட்டில் வந்து சேர்ந்திருக்கலாம். கப்டனுடையது என்று எழுதிக் காட்சிக்கு வைக்க முடியாது.”

“அடையாளம் இருக்கிறது,” என்றார் மதாம். “வலது கை ஓரத்தில் நூல் நுனிகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பார்த்தேன். நெஞ்சிலும் இருக்கின்றன.”

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அது தடித்த, அடித்து இறுக்கிய கம்பளி. நூல் போனால் துளை தானாக மூடிவிடும். நான் கடதாசிச் சுருளைப் பிடித்தபடி சுவரோரம் நின்றேன். என் காதுகள் சுட்டன.

“இங்கேதான்,” என்றார். “இங்கேதான் இருந்தன.”

“கண் இன்னும் ஆறவில்லை, ஓடெத்,” என்றார் பணிப்பாளர். அன்பாகத்தான் சொன்னார்.

பென்சிலால் வரையாமல் போனது தன் பிழை என்று மட்டும் மதாம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதாம் எண் எழுதிய ஓர் அட்டையை என்னிடம் நீட்டினார். “இது ஆறா, எட்டா?”

“ஆறு, மதாம்.”

“எனக்கும் ஆறாகத்தான் தெரிந்தது,” என்றார். ஆனாலும் அடுத்த அட்டையையும் நீட்டினார். புதன்கிழமை தன்னுடைய உருப்பெருக்கியைத் துடைத்து உறையில் போட்டு மூடினார். வரப்போகும் சரிகைத் துணிகளைத் தான் பார்க்கப்போவதில்லை என்றும், வேறொருவரைத் தேடும்படி பணிப்பாளரிடம் சொல்லப்போவதாகவும் சொன்னார். “முப்பது வருடம் பார்த்தேன். இல்லாததைப் பார்க்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும்.”

மேசைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ரேப் அங்கேயே இருந்தது. உரித்துக் கசக்கி எறிந்தால் ஒருவருக்கும் தெரியாது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பிக்கூடப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் மனைவி றீற்றா எதிரே வந்து இருந்தாள்.

“என்ன, குழம்பு உறைக்குதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் கோழி கிளறின மாதிரிக் கிளறிக்கொண்டிருக்கிறியள்? ஏதோ செய்துபோட்டு வந்திருக்கிறியள். சொல்லுங்கோ.”

சொன்னேன். அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு அபூர்வம்.

“அப்ப வெட்டினது நீங்களெண்டு ஆருக்கும் தெரியாது?”

“தெரியாது.”

“அந்த மனிசி தனக்குக் கண் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது?”

“ஓம்.”

“இதைப் போய்ச் சொல்லுறதுக்கு என்ன?”

“வெள்ளிக்கிழமை கடிதம் வரும். கடிதம் கையிலை வரட்டும். பேந்து சொல்லுவம்.”

“பேந்து! பேந்து பேந்தெண்டுதான் என்னைக் கேக்க ஆள் விடவும் ரெண்டு வரியம் எடுத்தனீங்கள். அதுக்குள்ளை உங்கடை அம்மா ஆள் விட மூண்டு நாள் குறிச்சு மாத்திப்போட்டா.” சிரித்தாள். பிறகு என் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். “இஞ்சை பாருங்கோ. உங்களுக்கு வேலை போனா நான் இருக்கிறன். அந்த மனிசிக்குத் தன்ரை கண்ணிலை நம்பிக்கை போனா ஆர் இருக்கினம்?”

மறுநாள் காலை மெற்றோவில் ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். அறைக்குள் போனதும் அது மறந்துவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து ரேப்பை மெதுவாக உரித்து, ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, மதாமுக்கு முன்னால் வைத்தேன். நூல்வெட்டியையும் பக்கத்தில் வைத்தேன்.

“நான்தான் வெட்டினேன்,” என்றேன். “வெள்ளிக்கிழமை.”

மதாம் உருப்பெருக்கியை உறையிலிருந்து எடுத்தார். ரேப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

“அப்படியென்றால் நான் பார்த்தேன்,” என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் கண்ணோடு இன்னொரு முறை. “நான் பார்த்தேன்.”

பிறகுதான் கோபம் வந்தது. அது சத்தமில்லாத கோபம். எழுந்து ஜன்னலருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. திரும்பி வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எதை முதலில் வெட்டினீர்கள்?”

அது எனக்குத் தெரியும். ரேப்பில் வரிசை இருந்தது. முதல் ஏழும் கை ஓரத்தில், பிறகு நான்கும் நெஞ்சில். ஒவ்வொன்றாக இடத்தைக் காட்டினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தபின், விளக்கைச் சரித்துப் பிடித்தால் துளைகளும் தெரிந்தன. பதினொன்று அல்ல, எண்ண முடியாத அளவு. அரிசி கொட்டியதுபோல ஓர் உள்ளங்கை இடத்துக்குள் நெருக்கமாக இருந்தன. நூல்களும் ஒரே நூல் அல்ல. கறுப்பு, வெள்ளை, ஒரு நீலம், மெழுகு பூசிய தடித்த நூல் ஒன்று. அன்றன்று கிடைத்த நூல்.

“கையை நெஞ்சோடு தைத்திருக்கிறார்கள்,” என்றார் மதாம். “பலமுறை. ஆனால் ஏன் பலமுறை?”

எனக்கு ஒன்று தெரிந்தது. இனி என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்துச் சொன்னேன்.

“மதாம், உள்துணியில் ஒரு துளையும் இல்லை. மேசையில் வைத்துத் தைத்தால் ஊசி அடிவரை போகும். இது மேல்துணியில் மட்டும் பிடித்துத் தைத்தது. உள்ளே ஆள் இருக்கும்போது அப்படித்தான் தைப்போம், ஊசி குத்திவிடும் என்ற பயத்தில்.”

மதாம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என்னுடைய குளிர்கோட்டைப் போடச் சொன்னார். ஊசியில் நூல் கோத்தார். என் வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்து, கை ஓரத்தைக் கோட்டோடு சேர்த்து நாலு தையல் போட்டார். யாரும் சொல்லாமலே அவருடைய ஊசி மேலோட்டமாகத்தான் போனது. தைத்து முடியும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவருடைய தலை என் தாடைக்குக் கீழே இருந்தது. இப்படித்தான் ஒவ்வொரு நாள் காலையும் ஒரு சேவகன் கப்டனுக்கு முன்னால் குனிந்து நின்றிருப்பான். மாலையில் அந்தத் தையலை வெட்டியிருப்பான்.

“எழுதிப் பாருங்கள்,” என்றார். இடது கையால் என் பெயரைக் கிறுக்கினேன்.

பவேரியப் படையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் மதாம் அந்தக் கோடையில் தேடிச் சொன்னவை. வணக்கம் செலுத்துவது வலது கையால். அது முடியாத ஆளை மேலதிகாரிகள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. இளைப்பாறச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உடுப்புகளை எண்ணி அடுக்கும் களஞ்சியத்தில் விட்டுவைத்தார்கள். பதினைந்து வருடம் கழித்தாவது இரண்டாம் நட்சத்திரத்தையும் கொடுத்தார்கள். தொங்கும் கையை யாரும் பார்க்காதபடி அவர் நெஞ்சில் தைத்துக்கொண்டார். எல்லோரும் அதைக் கையின் மிடுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். இதில் எவ்வளவு சரி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று மதாம் அறிக்கையில் எழுதினார். நூல்கள் சொல்வது இவ்வளவுதான் என்றும் எழுதினார். பணிப்பாளருக்கு அது போதுமாக இருந்தது.

அன்று தையலிலிருந்து என்னை விடுவிக்க வேண்டி வந்தபோது, மதாம் மேசையைச் சுற்றிப் பார்த்து, “கத்தரிக்கோல் எங்கே?” என்று கேட்டார். கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்தது. மேசையில் இருந்த என் நூல்வெட்டியால் நாலு தையலையும் வெட்டி, அதைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை. மறுநாள் கதவில் அறிவித்தல் ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடிதம் வரவில்லை. பணிப்பாளர் கூப்பிட்டு, இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். அது நியாயம். மதாமும் ஒரு கிழமைக்கு மேல் வேலைச் சொல்லைத் தவிர வேறு சொல் கதைக்கவில்லை. அதுவும் நியாயம். கடிதம் அடுத்த பனிக்காலத்தில் வந்தது.

காட்சிக்கு வைக்கும் உருவத்தை நான்தான் செய்தேன். கையை நெஞ்சில் வைத்து, ஊசி படாமல், உள்ளே ஒரு பருத்திப் பட்டியால் தாங்கினேன். இல்-பிசார் அம்மையார் ஊன்றுகோலோடு வந்து பார்த்தார். நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் பதினொரு நூல்களும் இருந்தன. மதாம் விளக்கி முடித்ததும் அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மாவைத் தூக்க அவருக்கு ஒரு கைதான் இருந்தது,” என்றார். “எண்பது வருடம் அம்மா மற்றக் கைக்குக் கோபித்தாள்.”

நித்யா, இனி உங்கள் கேள்வி. அந்த வியாழக்கிழமை மதாம் கோப்பின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். மேலே ‘சேதம்’ என்று ஓர் இடம்: யார், எப்போது, எதனால். என் ஆங்கிலத்தில் நானே எழுதினேன். பிழைகளை அவர் திருத்தவில்லை. கையெழுத்தை மட்டும் எனக்குப் பழகிய தமிழில் போட்டேன். கீழே இன்னோர் இடம் இருந்தது: ‘சான்றுகள் - பாதுகாத்தவர்’. அதையும் என் பக்கம் தள்ளினார்.

“இது நான் வேண்டுமென்று செய்யவில்லை, மதாம்,” என்றேன். “குப்பையில் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான். நேற்றுக்கூட எறியத்தான் பார்த்தேன்.”

“வெள்ளிக்கிழமை மறந்தீர்கள்,” என்றார். “புதன்கிழமை மறக்கவில்லை, ஆனாலும் எறியவில்லையே.”

நீட்டிய பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. இரண்டாவது கையெழுத்தையும் போட்டேன்.